கையெழுத்து நான்தான் போட்டேன்

தினேசு,

இதை உட்கார்ந்து படி. மீட்டிங்குக்கு நடுவுல, ஒரு கண்ணு லேப்டாப்புலயும் ஒரு கண்ணு இதுலயுமா வெச்சுக்கிட்டுப் படிக்காதே. வர்ற புதன்கிழமை எனக்கு ஆபரேஷன்னு உனக்குத் தெரியும். கட்டியோட சேர்த்து இடது மார்பையே எடுக்கப் போறாங்கன்னும் தெரியும். எடுத்துட்டு வெறுமனே தைச்சு மூடினா போதும்னு டாக்டர் ரூம்ல நீ சொன்னே இல்ல, அப்படி மூடப் போறதில்லை. என் வயித்துச் சதையை எடுத்து அந்த இடத்துல புதுசா ஒண்ணு பண்ணி வைக்கப் போறாங்க. நான்தான் பண்ணச் சொன்னேன். முந்தாநாள் தனியா பஸ் ஏறிப் போய், டாக்டரைப் பார்த்துப் பேசி, பேப்பர்ல கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன். நீ கத்துவேன்னு தெரியும். கத்திக்கோ. ஆனா முழுசாப் படிச்சுட்டுக் கத்து.

போன்லயே சொல்லியிருக்கலாமேன்னு கேப்பே. போன்ல உன்னோட பேசி நான் என்னைக்கு ஜெயிச்சிருக்கேன்? "அம்மா, ஒரு நிமிஷம் நான் சொல்றதைக் கேளு"ன்னு ஆரம்பிப்பே. நானும் கேட்டுக்கிட்டே இருப்பேன். கடைசியில சரிப்பான்னு வெச்சிடுவேன். வெச்ச பிறகு அடுப்படியில நின்னு பாத்திரத்தோட பேசிக்கிட்டு இருப்பேன். உங்கப்பா, எழுதிக் குடு, படம் எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பிடறேன்னார். வேண்டாம்னுட்டேன். நீ அதை மேலேயும் கீழேயும் தள்ளித் தள்ளிப் பார்ப்பே. கொரியர்ல போடறேன், பெங்களூருக்கு ஒரே நாள்ல போயிடுமாம்.

முதல்ல ஒண்ணு. உன் மேல எனக்கு எவ்வளவு கோபமோ அவ்வளவு பிரியமும் இருக்கு. ரிப்போர்ட் வந்த அன்னைக்கே லீவு போட்டு ஓடி வந்தே. ஆஸ்பத்திரி படி ஏறும்போதெல்லாம் என் கையைப் பிடிச்சே. கொரட்டூர் மார்க்கெட்டுக்குப் போய் மாதுளம்பழமா வாங்கிக் குவிச்சே, ஃப்ரிட்ஜ்ல பால் வைக்க இடம் இல்லை. எந்தப் புள்ளைடா இந்தக் காலத்துல இவ்வளவு பண்றான்னு எதிர் ஃப்ளாட் அம்மா கண்ணு போட்டாங்க. எல்லாம் சரி. இவ்வளவு பண்ணின நீ ஒண்ணே ஒண்ணு மட்டும் பண்ணலை. அதைத்தான் எழுத வந்தேன்.

ஸ்கேன் எடுத்த அன்னைக்கு நீ ஊர்ல இல்ல, உங்கப்பாதான் வந்தார். பிளாஸ்டிக் சர்ஜன்னு சொன்னதும், சினிமாக்காரங்க மூக்கை மாத்திக்குவாங்களே அந்த டாக்டரான்னு கேட்டார் மனுஷன். ஆவடி ஃபேக்டரியில அத்தனை வருஷம் மெஷினோட இருந்தவர், ஆஸ்பத்திரி மெஷினைக் கண்டா நடுங்கறார். வாசல்ல இருந்த ஆயாம்மா அவரைப் பார்த்து, "இன்னா நைனா, ஸ்கேன் உனக்கா யம்மாவுக்கா? இப்டி வேத்துகினு கீறே"ன்னு கேட்டுச்சு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அந்தச் சிரிப்போடயே உள்ள போயிட்டேன், நல்லதாப் போச்சு.

படுக்க வெச்சு, கை நரம்புல ஊசி போட்டு மருந்து ஏத்தினாங்க. ரத்தக்குழாய் எல்லாம் படத்துல பளிச்சுன்னு தெரியறதுக்காம். மருந்து ஏற ஏற தொண்டையிலேருந்து சூடு கிளம்பி அடிவயித்துக்கு இறங்கிச்சு பாரு, ஐயோ, படுத்த இடத்துலயே ஒண்ணுக்குப் போயிட்டேன்னு நினைச்சு மானமே போன மாதிரி ஆயிடுச்சு. அந்தப் பொண்ணு கண்ணாடிக்குப் பின்னாலேருந்து மைக்குல, "எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்மா, ஒண்ணும் ஆகலை, மூச்சை இழுத்துப் பிடிங்க"ன்னுச்சு. பிடிச்சேன். வெளிய வந்தப்புறம் முதல் வேலையா புடவையைத் தடவிப் பார்த்தேன். உங்கப்பா, ரொம்ப வலிச்சுதான்னு கேட்டார். இல்லைங்க, காஞ்சுதான் இருக்குன்னேன். மனுஷனுக்கு ஒண்ணும் புரியலை.

படுக்கும்போது அந்தப் பொண்ணு என் வயித்துத் தழும்பைப் பார்த்துட்டு, இது எப்போன்னு கேட்டுச்சு. நீ பிறந்தப்போ போட்டதுடா. ஃபேக்டரி குவார்ட்டர்ஸ்ல இருந்தோம். நல்ல மழை, வாசல்ல முழங்கால் தண்ணி. உங்கப்பா நைட் ஷிஃப்டு முடிஞ்சு இன்னும் வரலை. பக்கத்து வீட்டு அண்ணன் ஜீப்பு பிடிச்சு ஏத்திவிட்டார். உள்ள நீ குறுக்கப் படுத்துக்கிட்டு வரமாட்டேன்னு அடம். அவசரத்துல தொப்புளுக்குக் கீழ நேர்க்கோடா கிழிச்சு உன்னை எடுத்தாங்க. இப்பல்லாம் குறுக்க, கண்ணுக்கே தெரியாத மாதிரி போடறாங்க. அப்ப அப்படித்தான். அந்தத் தழும்பை நான் ஒரு நாளும் பெரிசா நினைச்சதில்லை. இத்தனை வருஷம் கழிச்சு இப்ப அதுதான் குறுக்க வந்து நிக்குது.

ஸ்கேனுக்கு அப்புறம் அந்த பிளாஸ்டிக் சர்ஜன் டாக்டரம்மா சொன்னதை நீயும் கேட்டே. ஆனா நீ "ரிஸ்க்"ன்னு ஒரு வார்த்தை காதுல விழுந்ததும் மத்ததைக் கேக்கறதை நிறுத்திட்டே, உன் முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சுது. அதனால மறுபடி சொல்றேன். வயித்துச் சதைக்கு ரத்தம் கீழேருந்து ஒரு பெரிய குழாயில வருதாம். அதுலேருந்து சின்னச் சின்னதாக் கிளை பிரிஞ்சு, தசையைத் துளைச்சுக்கிட்டு, மேல தோலுக்கு வருதாம். எந்த இடத்துல துளைச்சுக்கிட்டு வரும்ங்கிறது ஆளுக்கு ஆள் வேறயாம். அந்தக் குழாயோட சேர்த்துச் சதையை எடுத்து, மார்புல இருக்கிற குழாயோட மைக்ராஸ்கோப் வெச்சுத் தைச்சாதான் சதை உயிரோட இருக்கும். வேரோட பிடுங்கி வேற தொட்டியில செடி வைக்கிற மாதிரின்னு நான் புரிஞ்சுக்கிட்டேன். இதுக்குப் பேரு ஃப்ளாப்பாம். படம் ஓடலைன்னா சொல்ற அதே ஃப்ளாப்பு. நல்ல பேரு வெச்சாங்க போ!

அப்புறம் அவங்க கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாங்க. ஞாபகம் இருக்கா? உன் பக்கம் திருப்பலை, என் பக்கம் திருப்பினாங்க. என் வயிறு சாம்பல் கலர்ல தெரிஞ்சுது. அதுக்குள்ள வெள்ளை வெள்ளையாக் கோடு. தொப்புளைச் சுத்தி எங்கெங்க குழாய் மேல வருதோ அங்கெல்லாம் புள்ளி வெச்சிருந்தாங்க. தழும்பைத் தாண்டி ஒரு பக்கத்து ரத்தம் இன்னொரு பக்கம் போகாதாம், அதனால பாதி வயித்துச் சதையைத்தான் நம்ப முடியுமாம். இடது பக்கம் இருக்கிற குழாயெல்லாம் நூல் மாதிரி. வலது பக்கம் ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு, நல்ல தடிமனா நேரா மேல வருது. "இது போதும்மா, உங்க அளவுக்குப் பாதிச் சதையே சரியா வரும். ஆனா இந்த ஒரு குழாயை நம்பித்தான் எல்லாம். அது அடைச்சுதுன்னா திரும்பத் தியேட்டருக்குப் போகணும். சில சமயம் சதை பிழைக்காமலும் போயிடும். இதையெல்லாம் கத்தி வெச்ச பிறகு தெரிஞ்சுக்காம இப்பவே தெரிஞ்சுக்கத்தான் ஸ்கேன் எடுத்தோம்"னாங்க. கேன்சர் டாக்டரும், ரெண்டு விதத்துல எது பண்ணினாலும் கட்டியை எடுக்கிறதுல ஒரு குறையும் வைக்கமாட்டோம்னு ஏற்கெனவே சொல்லியாச்சு. கடைசியா அந்த டாக்டரம்மா என்னைப் பார்த்து, "நீங்க என்ன நினைக்கறீங்க?"ன்னாங்க.

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள நீ பேசிட்டே. இங்கிலீஷ்ல பேசினே. இந்த வயசுல அம்மாவுக்கு இதெல்லாம் தேவையில்லை, அவங்க அழகு பார்க்கிற ஆளு இல்ல, தையில எனக்குக் கல்யாணம், அதுக்குள்ள எழுந்து நடமாடினாப் போதும், சிம்பிளா முடிச்சுடுங்கன்னு. உங்கம்மாவுக்குப் புரியாதுன்னு நினைச்சியாடா? உன்னை இங்கிலீஷ் மீடியத்துல சேர்த்துட்டு, ஹோம் ஒர்க் சொல்லிக்குடுக்கணுமேன்னு உன்னோட சேர்ந்து படிச்சவடா நான். ஒவ்வொரு வார்த்தையும் புரிஞ்சுது. என் வயசு எனக்குத் தெரியும். டாக்டர் உன்னை விட்டுட்டு மறுபடி என்னைப் பார்த்தாங்க. "அம்மா, நீங்க சொல்லுங்க." நான் என்ன சொன்னேன்? உன்னைப் பார்த்தேன், உங்கப்பாவைப் பார்த்தேன், அவர் ஃபேனைப் பார்த்துக்கிட்டு இருந்தார். ரெண்டு ஆம்பளைங்களுக்கு நடுவுல உட்கார்ந்துக்கிட்டு, பெத்த புள்ளை முன்னாடி, எனக்கு மார்பு வேணும்னு எப்படிச் சொல்றது? "பையன் சொல்ற மாதிரியே பண்ணிடுங்க"ன்னேன். அதை நான் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னதுக்காக உன்னை விட என் மேலதான் எனக்கு ஆத்திரம்.

திரும்பி வரும்போது பாடி பாலத்து மேல டிராஃபிக்ல நின்னோம். நீ கார்ல ஏசியைக் கூட்டி, பாட்டைக் குறைச்சு, "எல்லாம் சரியாயிடும்மா"ன்னு தோளைத் தட்டினே. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. பயத்துல அழறேன்னு நினைச்சு நீ தண்ணி பாட்டிலை நீட்டினே. சின்ன வயசுல குவார்ட்டர்ஸ் டிஸ்பென்சரியில உனக்கு ஊசி போட்டாங்களே, உனக்கு ஞாபகம் இருக்காது. நான் உன் கண்ணைப் பொத்திக்கிட்டேன், நர்ஸம்மா குத்திட்டாங்க. வீடு வர வரைக்கும் ஊரையே கூட்டினே. வலிக்குதாடா கண்ணான்னா, "வலிக்கலை, என்னைக் கேக்காம போட்டாங்க!"ன்னு கத்தினே. தெருவே சிரிச்சுது. அந்த ரோஷம் உங்கம்மாவுக்கும் இருக்கும்னு உனக்கு ஏன் தோணலை?

இந்த வயசுல எதுக்குன்னு கேட்டே இல்ல, அதுக்குப் பதில் சொல்றேன். மண்ணூர்பேட்டையில நான் தையல் கடை வெச்சிருந்தப்போ மேரி அக்கான்னு ஒருத்தங்க வருவாங்க. அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில வேலை. வாய்னா வாய், கடைக்கு வந்தா தெருவுக்கே கேக்கும். நடுவுல கொஞ்ச நாள் ஆளையே காணோம். திரும்பி வந்தப்போ இளைச்சிருந்தாங்க. அளவு எடுக்கலாம்க்கான்னு டேப்பை எடுத்தா, "வேணாம், இந்த அளவு ஜாக்கெட் கீது, இத வெச்சே தெச்சிடு"ன்னு ஒரு பழைய ஜாக்கெட்டை மேஜை மேல போட்டுட்டுப் போயிட்டாங்க. எங்க தொழில்ல அளவு ஜாக்கெட் குடுத்தா அதுதான் பேச்சு, மறு கேள்வி கிடையாது. அதே அளவுக்கு, ஒரு நூல் பிசகாம தைச்சுக் குடுத்தேன். மறுநாளே வந்து கடையில ஒரே சண்டை. "இன்னாமே தெச்சிகீறே? இந்தப் பக்கம் தொங்குது பாரு, கம்பெனில அவளுங்க மூஞ்சிய திருப்பிக்கினு சிரிக்கிறாளுங்க"ன்னு. எனக்கும் கோபம் வந்துச்சு. உங்க அளவு ஜாக்கெட் படிதானேக்கா தைச்சேன், வேணும்னா ரெண்டையும் மேல மேல வெச்சுப் பாருங்கன்னேன். அக்கா ஜாக்கெட்டை மேஜை மேல போட்டாங்க. அப்புறம் என் கையைப் பிடிச்சுத் திரைக்குப் பின்னால இழுத்துக்கிட்டுப் போய் மாராப்பை எடுத்தாங்க. இடது பக்கம் ஒண்ணுமே இல்ல, தைச்ச கோடுதான் இருந்துச்சு. ஆபரேஷனுக்கு முன்னாடி போட்ட ஜாக்கெட்டை அளவுக்குக் குடுத்திருக்காங்க, பாவி. தன் உடம்பு மாறிப்போனதைத் தையல்காரிகிட்டக்கூடச் சொல்ல முடியலை.

அதுக்கப்புறம் அவங்களுக்கு நான்தான் தைச்சேன். ஸ்பாஞ்சை வெட்டித் துணியில பொதிஞ்சு இடது பக்கம் உள்ள வெச்சுத் தைப்பேன். வேர்வையில ஊறி அது ஒரு பக்கமா ஒதுங்கிடும். பஸ்ல கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினா மேல ஏறிடும். அதனால அந்த அம்மா எப்பவும் வலது கையால கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, இடது கையை மடிச்சு நெஞ்சுல வெச்சுக்கிட்டே நிப்பாங்க. ஒரு நாள் திரைக்குப் பின்னால என்கிட்ட சொன்னாங்க: "ஊட்ல ஒருத்தரும் என்னாண்ட கேக்கல. எட்த்துட்டா உசுரு பொழைச்சிக்கும்னாங்க. பொழைச்சிகினேன். ஆனா குளிக்க சொல்லோ கீய குனிஞ்சி பாக்க மாட்டேன்." அப்ப அவங்களுக்கு இப்ப எனக்கு ஆகற வயசுதான் இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான்னு நான் சொல்ல வரலை. என் கஸ்டமர்லயே இன்னொருத்தங்க, பாரம் குறைஞ்சுதுன்னு ஜாலியா சொல்லிக்கிட்டு ஸ்கூட்டி ஓட்டிக்கிட்டுப் போவாங்க. வேண்டாம்னு சொல்றவங்க சொல்லட்டும், அது அவங்க இஷ்டம். எனக்கு வேணும். குளிக்கும்போது குனிஞ்சு பார்க்கணும். யாருக்காகவும் இல்ல, உங்கப்பாவுக்காகவும் இல்ல. என் உடம்புடா இது, இதுக்குள்ளதான் நான் குடியிருக்கேன். இதைப் பெத்த புள்ளைக்கு எழுதக் கூச்சமா இருக்கு, இருந்தாலும் எழுதறேன்.

இப்ப உனக்குக் கோபம் வர்ற விஷயத்துக்கு வரேன். நித்யா வீட்ல யாருக்கும் தெரிய வேண்டாம், கல்யாணம் முடியட்டும்னு சொல்லியிருந்தே. எல்லார் வீட்லயும் அப்படித்தான் பண்றாங்க. வியாதின்னு தெரிஞ்சா சம்பந்தம் தட்டிப்போகும்னு மூடி மூடி வைப்பாங்க. நானும் சரின்னுதான் இருந்தேன். சனிக்கிழமை முகூர்த்த ஜாக்கெட்டுக்கு அளவு குடுக்க நித்யா அம்பத்தூர்லேருந்து வண்டியில வந்தா. அளவு ஜாக்கெட் வேண்டாம்மா, நேராவே எடுத்துடலாம்னு டேப்பை அவ முதுகைச் சுத்தி விடறேன், பயாப்ஸி எடுத்த இடம் சுரீர்னு இழுத்துடுச்சு. ஸ்ஸ்னு டேப்பை விட்டுட்டு இடது மார்போரம் பிடிச்சுக்கிட்டேன். "என்னாச்சு அத்தை?" ஒண்ணும் இல்லம்மா, கையில பிடிப்புன்னேன். "கையில இல்லையே, நீங்க இங்கல்ல பிடிச்சீங்க"ன்னா. பொய் சொல்ல ஆரம்பிச்சேன்டா. பாதியில என்னால முடியலை. நாளைக்கு இந்த வீட்டுக்கு வரப் போற பொண்ணோட உடம்பை அளந்துக்கிட்டே, என் உடம்பைப் பத்திப் பொய் சொல்றது எனக்கே அசிங்கமா இருந்துச்சு. எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

டேப்பைக் கழுத்துல போட்டுக்கிட்டு அப்படியே கட்டில்ல உட்கார்ந்துட்டா. முதல்ல கேட்டது என்ன தெரியுமா, "இது பரம்பரையா வருமா அத்தை?" சுருக்குன்னுதான் இருந்துச்சு. ஆனா கேட்டதுல ஒரு தப்பும் இல்ல, அவ வாழப் போறவ. டெஸ்ட்டுக்குக் குடுத்திருக்கு, ரிசல்ட் வந்ததும் உனக்கும் சொல்றேன்னேன். "தினேஷுக்குத் தெரியுமா?"ன்னா. தெரியும்னேன். "அப்போ எனக்கு ஏன் சொல்லலை?"ன்னா. அதை அவன்தான்மா சொல்லணும்னேன். அப்புறம் ஸ்கேன் என்ன சொல்லுதுன்னு கேட்டா, அந்த ஒரு குழாயைப் பத்திச் சொன்னேன். "சரி, நீங்க என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?" அப்படின்னா. இந்த வீட்ல, இந்த ஒரு மாசத்துல, அந்தக் கேள்வியை யாரும் என்கிட்ட கேக்கலை தினேசு. தினேசு இப்படிச் சொல்லியிருக்கான்னு ஆரம்பிச்சேன். "அவர் இல்ல அத்தை, நீங்க"ன்னா. எனக்கு வேணும் நித்யா, அப்படின்னு சொல்லிட்டேன். வெளியில கேட்ட என் குரலே எனக்குப் புதுசா இருந்துச்சு. அப்புறம் அழுதேன், நல்லா அழுதேன். அவ கட்டிப் பிடிச்சு ஆறுதல் எல்லாம் சொல்லலை. தண்ணி கொண்டு வந்து குடுத்துட்டு, "அப்போ டாக்டர்கிட்ட போய்ச் சொல்லிடுங்க, இன்னும் நேரம் இருக்கு இல்ல"ன்னா. கழுத்து டிசைன் பத்தி ஒண்ணும் பேசாமலே கிளம்பிட்டா. இதுவரைக்கும் எனக்குப் போனும் பண்ணலை. அவ மனசுல என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரியலை, அந்தப் பயம் எனக்கும் இருக்கு. அவளுக்கு நீ போன் பண்ணு. சமாதானம் சொல்லாதே, ஏன் சொல்லலைன்னு அவ கேட்டதுக்கு நேராப் பதில் சொல்லு.

திங்கட்கிழமை காலையில டாக்டர் முன்னாடி தனியா உட்கார்ந்தேன். ஏன்மா மனசு மாறிச்சுன்னாங்க. மனசு மாறலை டாக்டர், அன்னைக்கு வாய் வரலைன்னேன். அவங்க சிரிக்கலை. மறுபடி அந்தப் படத்தைத் திறந்து, அன்னைக்குச் சொன்னதெல்லாம் முதல்லேருந்து சொன்னாங்க. நான் பயப்பட வேண்டியதை ஒண்ணு விடாம சொன்னாங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி இந்தப் படத்தைப் பார்த்து, தொப்புள்லேருந்து அளந்து, என் வயித்து மேல பேனாவாலயே அந்தக் குழாய் வர்ற இடத்தைக் குறிப்பாங்களாம், நான் துணியில சாக்பீஸ் போடற மாதிரி. முடிஞ்ச பிறகு கொஞ்ச நாளைக்கு நர்ஸ் மணிக்கொரு தடவை வந்து சதை சூடா இருக்கா, கலர் மாறுதான்னு பார்ப்பாங்களாம். பேனா மாதிரி ஒண்ணை வெச்சு ரத்தம் ஓடற சத்தம் கேக்குதான்னு பார்ப்பாங்களாம். சத்தம் நின்னா திரும்ப ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடணும். கறுத்துப் போச்சுன்னா எடுத்துடணும். அப்படி ஆனா வயித்துலயும் தழும்பு, நெஞ்சுலயும் தழும்பு, கையில ஒண்ணும் மிஞ்சாதுன்னு நானே கேட்டேன். ஆமாம்மா, அப்படியும் ஆகலாம்னாங்க. எனக்குப் பொய் சொல்லாத டாக்டர் கிடைச்சதுக்கு நான் குடுத்து வெச்சிருக்கணும். பேனாவைக் கையில எடுத்தேன். அந்த ஒத்தைக் குழாயை மனசுல நினைச்சுக்கிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து உங்கப்பாகிட்ட சொன்னேன். நான் கையில குடுத்த பேப்பர் காப்பியை நாலா மடிச்சார், எட்டா மடிச்சார். கடைசியில, "தினேசு என்ன சொல்வான்?"னார். வந்துச்சு பாரு எனக்கு! ஏங்க, நீங்க தாலி கட்டினது எனக்கா, உங்க புள்ளைக்கான்னு கேட்டேன். எழுந்து பால்கனிக்குப் போயிட்டார். நானும் விட்டுட்டேன். சாப்பிடக் கூப்பிட்டப்போ தட்டுல கையை வெச்சுக்கிட்டு, "அவ்வளவு நேரம் நீ உள்ள இருந்தா, நான் வெளிய எப்படிடி இருப்பேன்?"னு கேட்டார். இத்தனை வருஷத்துல அந்த மனுஷன் பயமா இருக்குன்னு சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கும்தாங்க பயமா இருக்குன்னேன். ரெண்டு பேரும் ரசத்தை ஊத்திக்கிட்டுச் சாப்பிட்டோம்.

பயம் இருக்குடா, இல்லைன்னு சொல்லமாட்டேன். காலையில எழுந்ததும் வயித்து வலது பக்கம் கையை வெச்சுப் பார்த்துக்கறேன், அந்தக் குழாய் துடிக்கிறது கைக்குத் தெரியாதுன்னு தெரிஞ்சும். பிழைக்காமப் போச்சுன்னா, "நான் அப்பவே சொன்னேன்"னு நீ சொல்லுவியோன்னு அதை விடப் பயமா இருக்கு. சொல்லாதே. அப்படியே ஆனாலும் அது நானே கேட்டு வாங்கிக்கிட்டதா இருக்கட்டும். உன் கல்யாணத்துல நான் முன் வரிசையில கம்பீரமா நிப்பேனா, நாற்காலியில உட்கார்ந்து அட்சதை போடுவேனா, இப்ப எனக்குத் தெரியாது. உட்கார்ந்து போட்டாலும் ஒண்ணும் குறைஞ்சு போகாது. சொந்தக்காரங்க கேட்டா, அம்மாவுக்கு இந்த ஆபரேஷன் ஆச்சு, அவங்கதான் முடிவு பண்ணினாங்கன்னு சொல்லு. வைரல் ஃபீவர், அது இதுன்னு கதை கட்டாதே.

செவ்வாய்க்கிழமையே கிளம்பி வந்துடு. டாக்டர்கிட்ட நீ ஒண்ணும் பேச வேண்டாம், பேச வேண்டியதை நான் பேசியாச்சு. என்னைத் தள்ளிக்கிட்டு உள்ள போறதுக்கு முன்னாடி பக்கத்துல வந்து உட்காரு. தோளைத் தட்டாதே, எல்லாம் சரியாயிடும்னு சொல்லாதே. "உனக்கு என்னம்மா வேணும்?"னு ஒரு தடவை கேளு. பதில் உனக்குத் தெரியும். இருந்தாலும் கேளு.

அம்மா